மனப்பாட வாக்கியம் போதுமா? வளைகுடா செல்வோரின் அரபிக் கையேடுகள்

திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவே உள்ள கூத்தாநல்லூரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்று சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகச் சபுராளிகளின், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போகிறவர்களின், ஊர் அது. முன்பு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களுக்கு மலாய் தேவைப்பட்டது. 1970-களில் எண்ணெய்ப் பணம் வளைகுடாவில் வேலைகளைப் பெருக்கிய பிறகு, போகிறவர்களுக்கு அரபி தேவையாயிற்று. ஊர்க்காரர்களோடு, சுற்றுக் கிராமங்களில் நடவும் அறுப்பும் செய்துகொண்டிருந்த இளைஞர்களும் விமானம் ஏறினார்கள். இவர்களுடைய பெட்டியில் துணிமணிக்கு நடுவே ஒரு சிறு புத்தகம் இருக்கும். இடப்பக்கம் தமிழ் வாக்கியம், வலப்பக்கம் தமிழ் எழுத்திலேயே அரபி வாக்கியம். கடை, மருத்துவமனை, டாக்சி, வேலையிடம் என்று தலைப்புகள். இலக்கணம் என்று தனியாக ஒன்றும் இருக்காது. அன்றாட வாக்கியத்தைச் சொல்லிப் பழகினால் மொழி வந்துவிடும் என்பதே இதன் அடிப்படை. இந்த முறை எதைத் தருகிறது, எதைத் தரத் தவறுகிறது என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். இதை நம்பித்தான் பலர் பிழைப்புக்குப் போகிறார்கள்.

வாக்கியத்தின் வழியே மொழி கற்பிப்பது காவிரி நாட்டுக்குப் புதிதல்ல. தஞ்சாவூரில் பணியாற்றிய ஜி.யு.போப் 1855-இல் தமிழ்க் கையேடு ஒன்றை வெளியிட்டார். பேச்சுத் தமிழை ஆங்கிலேயருக்குக் கற்பிக்க எழுதிய நூல் அது. ஒலெண்டார்ஃப், ஆர்னால்டு ஆகியோரின் முறையைப் பின்பற்றியது என்று அதன் தலைப்பே அறிவிக்கிறது. ஒலெண்டார்ஃப் பாரிஸில் மொழி கற்பித்த ஜெர்மானியர். ஒரு பாடத்தில் சிறிதளவே இலக்கணம். அதையே கேள்வியும் பதிலுமாகப் பல வாக்கியங்களில் திருப்பித் திருப்பிப் பயிற்றுவது அவர் வழி. அதில் இலக்கணம் படிப்படியாக ஏறும். ஆனால் இலக்கணத்துக்காகவே கட்டிய வாக்கியங்கள் பல, யாரும் யாரிடமும் சொல்லாதவையாகப் போயின. அந்தக் குறை அவர் காலத்திலிருந்தே பேசப்பட்டுவருகிறது.

இனி அரபிக்கு வருவோம். கூத்தாநல்லூர் முஸ்லிம் பிள்ளைகளுக்கு அது அறிமுகமாவது மதரசாவில். ஆலிம் என்னும் மார்க்க அறிஞராகப் படிப்பவர்கள் ஸர்ஃபு (சொல்லியல்), நஹ்வு (தொடரியல்) என்ற இரண்டு வாசல்களின் வழியே உள்ளே போவார்கள். ஸர்ஃபில் ஓர் இறந்தகால வினையை 'ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ' என்று பதினான்கு வடிவங்களில் ஒப்பிக்க வேண்டும். நஹ்வில் 'ளரப ஸைதுன் அம்ரன்' என்ற பழைய எடுத்துக்காட்டு வரும். ஸைது அம்ரை அடித்தான் என்று பொருள். 'உன்' என்று முடிவது எழுவாய், 'அன்' என்று முடிவது செயப்படுபொருள். நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' செய்யும் வேலையை அந்த 'அன்' செய்கிறது. இந்தப் படிப்பு குர்ஆனையும் கிதாபுகள் என்னும் மார்க்க நூல்களையும் திறந்துகொடுக்கிறது. அதற்கு ஈடு கிடையாது. ஆனால் துபாய்க் கட்டடத்தில் நிற்கிறவனுக்கு இது நேராக உதவுவதில்லை. வளைகுடாப் பேச்சில் அந்த 'உன்', 'அன்' விகுதிகள் மறைந்துவிட்டன. பதினான்கு வடிவங்களில் பலவும் பேச்சில் வழங்குவதில்லை.

கையேட்டின் பலம் இங்கேதான் தெரிகிறது. பேசுகிற மொழியை அது முதல் நாளே கொடுத்துவிடுகிறது. 'கம் ஹாதா?' (இது எவ்வளவு?) என்று கேட்டால் கடைக்காரர் விலை சொல்வார். அந்த ஒரு வெற்றி அடுத்த வாக்கியத்துக்குத் துணிச்சல் தருகிறது. பத்தாம் வகுப்போடு நின்றவரும் யாருடைய தயவும் இல்லாமல் படித்துக்கொள்ளலாம். இலக்கணத்தைக் கண்டு மிரண்டு ஒதுங்க வேண்டியதில்லை. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கற்பவரின் தேவையிலிருந்து தொடங்குவதுதான் நல்ல கல்வி.

குறை அடுத்த படியில் வருகிறது. மனப்பாடம் செய்த வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்று கையேடு காட்டுவதில்லை. அதனால் கற்றவர் அதை மாற்றிச் சொல்ல முடிவதில்லை. 'மாஃபி' என்ற சொல்லைப் பாருங்கள். 'இல்லை' என்று அதற்குப் பொருள் எழுதியிருக்கும். தமிழில் 'பணம் இல்லை' என்பதற்கும் 'போகவில்லை' என்பதற்கும் ஒரே 'இல்லை' போதும். ஆகவே நம்மவர் 'ஃபுலூஸ் மாஃபி' என்பார். 'அனா மாஃபி ரூஹ்' என்றும் சொல்வார். முதலாவது சரி. இரண்டாவது கொச்சை; 'ரூஹ்' என்பது 'போ' என்ற ஏவல். 'நான் போகமாட்டேன்' என்பதற்கு 'மா அரூஹ்' என்று வர வேண்டும். பொருள் இல்லாமைக்கு 'மாஃபி', வினையை மறுக்க 'மா', 'இது அது அல்ல' என்பதற்கு 'மூ' என்று வளைகுடா அரபியில் மூன்று மறுப்புகள் உண்டு. இதைத் தமிழருக்கு விளக்க அரைப் பக்கம் போதும். இல்லைக்கும் அல்லவுக்கும் வேறுபாடு தெரிந்த மொழி நம்முடையது. அந்த அரைப் பக்கம் இல்லாத குறையால் எத்தனையோ ஆண்டு அங்கே வாழ்ந்தவரும் 'மாஃபி'யோடு நின்றுவிடுகிறார். மற்ற நாட்டுத் தொழிலாளரும் இப்படித்தான் பேசுகிறார்கள்; கேட்கும் அரபியரும் அதே கொச்சையில் பதில் சொல்லிப் பழகிவிட்டார்கள். அன்றாட வேலை அதில் நடந்துவிடும். சிக்கல் வரும் நாளில் அது கைகொடுக்காது.

சம்பளம் வராதவர் 'ராதிப் மாஃபி' என்கிறார். யாருக்கு, எந்த மாதம், பிடித்தமா, பாக்கியா என்று அதில் ஒன்றும் தெரியாது. 'மா இஸ்தலம்த் ராதிபி' என்றால் 'என் சம்பளத்தை நான் பெறவில்லை' என்று முறையீடு தெளிவாகிவிடும். இதைப் பிரித்துப் பார்க்கலாம். 'மா' மறுப்பு. 'இஸ்தலம்' பெற்றான், கடைசியில் வரும் 'த்' நம் 'பெற்றேன்' என்பதில் உள்ள 'ஏன்' போன்றது. 'ராதிப்' சம்பளம்; ஒட்டியிருக்கும் 'ஈ' என்னுடையது என்று சொல்கிறது. இவ்வளவு தெரிந்தால் 'இஸ்தலம்னா' என்று மாற்றி நாங்கள் என்று சொல்லலாம். அதே 'ஈ'யை ஒட்டி 'ஜவாஸி' என்று தன் பாஸ்போர்ட்டைக் கேட்கலாம். 'இகாமதி' என்று தன் குடியிருப்பு அட்டையைக் கேட்கலாம். ஒரே வாக்கியத்திலிருந்து பத்து வாக்கியம் கிடைக்கிறது. அந்த வாக்கியம் அன்றாடத் தேவைக்கும் உரியது, இலக்கணமும் கற்பிக்கிறது.

எந்த வாக்கியங்களைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஆங்கிலேய அதிகாரிகளுக்கான பழைய கையேடுகளில் தண்ணீர் கொண்டு வா, குதிரையைக் கட்டு என்ற ஏவல்கள் மலிந்திருக்கும். தொழிலாளிக்கான நம் கையேடுகளில் 'சரி', 'இதோ வருகிறேன்', 'மன்னியுங்கள்' என்பவை மலிந்திருக்கின்றன. ஒன்று ஆள்கிறவனின் இலக்கணம், மற்றது பணிகிறவனின் இலக்கணம். 'இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது?', 'படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன்', 'ஒப்பந்தத்தில் இந்த வேலை இல்லை' என்று சொல்லவும் பழக்க வேண்டும். கேள்வியும் மறுப்பும் நிபந்தனையும் இல்லாத வாக்கியத் தொகுப்பு இலக்கணமாகவும் அரைகுறை. வாழ்க்கைக்கும் அது போதாது.

எழுத்தும் இடறுகிறது. தமிழ் எழுத்தில் 'கல்ப்' என்று எழுதினால் இதயமா நாயா என்று தெரியாது. அரபியில் அவை வேறு வேறு எழுத்து, வேறு வேறு ஒலி. தமிழை அரபி எழுத்தில் அர்வியாக எழுதிக் கடிதம் பரிமாறியது தமிழ் முஸ்லிம் சமூகம். குர்ஆன் ஓதப் படித்த பிள்ளைக்கு எழுத்தும் ஒலியும் கைவசம் இருக்கின்றன. அந்த மூலதனத்தைக் கையேடு பயன்படுத்தவே இல்லை. ஓதாத பக்கத்துக் கிராமத்து இளைஞருக்கோ ஒலிப்பதிவு கட்டாயம் வேண்டும். எந்த வட்டாரத்து அரபி என்றும் குறிக்க வேண்டும். 'எனக்கு வேண்டும்' என்பதற்குச் சவூதிக்காரர் 'அப்கா' என்பார், எகிப்திய மேற்பார்வையாளர் 'ஆவிஸ்' என்பார், லெபனான்காரர் 'பத்தி' என்பார்.

இன்னொரு கேள்வியும் உண்டு: இலக்கணத்தை யாருடைய மொழியிலிருந்து விளக்குவது? அரபிக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டாகப் போலந்து மொழியைப் பாருங்கள். 'என்னிடம் காபி இருக்கிறது' என்பதற்கு 'மாம் காவெ'; 'காபி இல்லை' என்றால் 'நியெ மாம் காவி'. மறுத்தவுடன் காபியின் வேற்றுமை மாறிவிடுகிறது. அந்த மொழியில் ஏழு வேற்றுமை. பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு ஒட்டும் பழக்கமே ஏறக்குறைய மறைந்துவிட்ட ஆங்கிலத்தவருக்கு வேற்றுமை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எட்டு வேற்றுமை கொண்ட தமிழருக்கு அந்தப் பக்கங்கள் தேவையில்லை; மறுப்பில் உருபு ஏன் மாறுகிறது என்பதே அவருக்குப் புதிது. அரபியிலும் அப்படியே. வினை முற்றில் 'நான், நீ' தெரிவது ஆங்கிலத்தவருக்கு வியப்பு. வந்தேன், வந்தாய் என்று பேசும் நமக்கு இயல்பு. பிறருக்காக வகுத்த பாடத்தை அப்படியே தமிழாக்கினால் தெரிந்தது நீளும், தெரியாதது விடுபடும்.

ஆகவே அன்றாட வாக்கியத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் நாளைக்கே பயன்பட வேண்டும். கழற்றி மாற்றிப் பூட்டவும் இடம் தர வேண்டும். மனப்பாடத்துக்கு ஒரு வாக்கியம் என்றால், கற்பவர் தாமே மாற்றிச் சொல்ல ஐந்து வெற்றிடங்கள் அதன் கீழே இருக்க வேண்டும். இப்படி ஒரு கையேடு செய்யக் கூத்தாநல்லூரைப் போல் வாய்ப்பான ஊர் குறைவு. இலக்கணம் அறிந்த ஆலிம்கள் இருக்கிறார்கள். முப்பது ஆண்டு ரியாத்திலும் குவைத்திலும் பேசித் திரும்பிய சபுராளிகள் இருக்கிறார்கள். ஆலிம்களின் இலக்கணமும் சபுராளிகளின் பேச்சும் இதுவரை தனித்தனியே இருந்துவிட்டன. இரு தரப்பாரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தால், அடுத்துப் போகிற பையன் 'ராதிப் மாஃபி'யோடு நிற்கமாட்டான். எவ்வளவு, எந்த மாதம், யார் தர வேண்டும் என்று முழு வாக்கியத்தில் கேட்பான்.