கொதிநிலைச் சாஸ்திரமும் செம்பனை ஆலையும்

அலோர் காஜா வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிய பின்னர், ஆலை வேலைக்குப் போன நம்மவர், பழநாரும் கொட்டையோடும் எரிந்து நீராவி எழும் கொதிகலனின் சுபாவத்தை நேரே அறிந்தனர். பழக்குலைகளை வேகவைக்கும் கலனில் ஆவியை இருமுறை ஏற்றி இறக்கி, மூன்றாம் முறை சுமார் 3 பார் அழுத்தத்தில் நிறுத்துவது அங்கே வழக்கம். அதன் வால்வு திறந்ததும் கொதிகலனின் அழுத்தம் சரிகிறது. நீர்மட்டக் கண்ணாடியிலோ தண்ணீர் ஏறுகிறது. அழுத்தம் தாழ்ந்தால் கொதிநிலையும் தாழுமாதலால், நீர் தன்னுள் இருந்த உஷ்ணத்தாலேயே பொங்க, குமிழிகள் பெருத்து மட்டத்தை உயர்த்திக் காட்டுகின்றன. அதை மெய்யென நம்பி வரத்து நீரை அடைத்துவிட்டால், அழுத்தம் மீண்டதும் மட்டம் வீழ்ந்து குழாய்கள் கருகிப்போகும்.

இவ்வாறு பொங்கும் கொதித்தலைக் கணக்கில் அடக்க முயன்ற மரபுகளுள் மூத்தது பரிசோதனை மரபு. ஜப்பானிய அறிஞர் நுகியாமா 1934-இல், மெல்லிய உலோகக் கம்பியை நீரில் சூடாக்கி, கம்பியின் வெப்பம் ஏற ஏறக் கொதித்தல் எவ்வாறு உருமாறுகிறது என்பதை வளைகோடாக வரைந்து காட்டினார். ரோசனோ 1952-இல் தந்த வெப்பமாற்றச் சூத்திரம் பரப்புக்குப் பரப்பு வேறு மாறிலி கேட்பது. ஓடும் திரவங்களுக்கென 1966-இல் சென் வெளியிட்டதோ, ஓட்டம் கடத்தும் வெப்பத்தையும் குமிழி கடத்தும் வெப்பத்தையும் கூட்டுவது. அழுத்தத்தை, நீரின் அவதி அழுத்தமாகிய 220.64 பாரின் விகிதமாகக் கொண்ட கூப்பரின் 1984-ஆம் ஆண்டுச் சூத்திரமே, எளிமையாலும் வீச்சாலும் என் மதிப்பில் முன்னிற்பது. பிற்கால மரபு, நீரையும் ஆவியையும் தனித்தனிப் பாய்மங்களாகக் கொண்டு, குழாய்ச் சுவரிலிருந்து வரும் வெப்பத்தை ஓட்டத்துக்கும், குமிழி விலகிய இடத்தைக் குளிர்விப்பதற்கும், ஆவியாதலுக்கும் பங்கிட்டுக் கணினியில் தீர்க்கிறது.

எம்மரபினர்க்கும் பொதுப் பிரமாணமாக 1997-ஆம் ஆண்டின் சர்வதேச நீராவிச் சூத்திரங்கள் உள்ளன. அவற்றின்படி, 1 பாரில் நீரைப்போல் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கொள்ளும் ஆவி, 20 பாரில் சுமார் 85 மடங்கே கொள்கிறது. அழுத்தம் இறங்குகையில் குமிழி வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும் மேற்சொன்ன சூத்திரங்கள் வெவ்வேறு அழுத்தங்களில், ஆனால் ஒவ்வொன்றிலும் மாறாது நின்ற நிலையில் அளந்தவற்றிலிருந்து பிறந்தவை. நம் ஆலைக் கொதிகலனோ அழுத்தம் ஏறி இறங்கும் இடைவேளையிலேயே வாழ்கிறது. ஆதலின் ஆலையில் பணிபுரியும் இளைஞர்கள், வால்வு திறந்த நொடி முதல் மட்டம் அடங்கும் வரை அழுத்தத்தையும் நீர்மட்டத்தையும் நேரத்தோடு குறித்துவைத்து, அவற்றைப் பொறியியல் பயிலும் நம் மாணவர்கள் கையில் சேர்ப்பாராக.