பேனா யார் கையில் இருந்தது?

விருதுநகர் மாவட்டத்துக் கூமாப்பட்டியில் நிலத்துக்கு ஒரு வசதி உண்டு. பட்டாவில் பெயர் பிசகினால், வருஷத்துக்கொருமுறை வத்திராயிருப்பில் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுக்கலாம். கிராமக் கணக்கு மேசைமேல் இருக்கும்; அதை எழுதும் வி.ஏ.ஓ.வும் பக்கத்தில் நிற்பார். அதே ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போய் வந்தவரின் கணக்கோ வெளியூரில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக். வீட்டு டிரங்குப் பெட்டியில் இருப்பது டிஸ்சார்ஜ் புக் ஒன்றுதான். அதில் தவறு இருந்தால், தவறு என்று நிரூபிக்க வேண்டியவர் அவர். நிரூபிக்கத் தேவையான காகிதமெல்லாம் ரெக்கார்டு ஆபீசில்.

பணி ஆவணத்தையும் பதக்கத்தையும் திருத்தித் தரச் சொல்லிப் படைவீரர்கள் கேட்கும்போது எதைக் கொடுக்கலாம், எதை மறுக்கலாம்? இந்தக் கேள்வியை அனுதாபத்தாலும் தீர்க்க முடியாது, ‘விதி இடம் தரவில்லை’ என்ற ஒற்றை வரியாலும் தீர்க்க முடியாது. கேட்பவை ஒரே வகையாக இல்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பெயர், பிறந்த தேதி, பணியில் இருந்த நாட்கள் ஆகியவை வெறும் தகவல்கள். இரண்டாவது வகை, போர்க்களத்தில் இருந்ததற்கான பதக்கங்கள்: 1965க்குச் சமர் சேவா ஸ்டார், 1971க்குப் பூர்வி ஸ்டாரும் பஸ்சிமி ஸ்டாரும், கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார். குறித்த பகுதியில், குறித்த காலத்தில் இருந்தவருக்கு இவை சேர வேண்டியவை. யாருடைய அபிப்பிராயமும் தேவையில்லை. மூன்றாவது வகை வீர விருதும் போர்ச் செயல்பாடு பற்றிய மேலதிகாரியின் மதிப்பீடும். இங்கே தகவலோடு ஒரு மனிதரின் தீர்ப்பும் கலந்துவிடுகிறது. சிக்கலும் இங்கேதான் அதிகம்.

மூன்றாவது வகைக்கு நம் காலத்தின் பெரிய சோதனை, கார்கில் போரில் 70வது காலாட்படை பிரிகேடை நடத்திய பிரிகேடியர் தேவிந்தர் சிங்கின் வழக்கு. அவருடைய களம் பட்டாலிக். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் 1999 மே இறுதியில் உயிர்நீத்து, மறைவுக்குப் பின் வீர் சக்ரா பெற்றாரே, அதே பட்டாலிக். போருக்குப் பின் பிரிகேடியருக்குக் கிடைத்தது விசிஷ்ட சேவா பதக்கம். அது சிறந்த சேவைக்கானது, போர்க்கள வீரத்துக்கானதன்று. தம் பங்கை, மேலே இருந்த கோர் கமாண்டர் குறைத்து எழுதினார் என்று பிரிகேடியர் வழக்குத் தொடுத்தார். ஆயுதப் படைகள் தீர்ப்பாயம் 2010 மே மாதம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மதிப்பீட்டில் ஒருதலைச் சார்பு இருந்தது என்றது. ராணுவமே வெளியிட்ட கார்கில் போர் வரலாற்றைத் திருத்தச் சொன்னது. பெயரளவிலான பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கவும் சொன்னது.

இந்தத் தீர்ப்பை ஆட்சேபிப்பவர்களின் வாதம் லேசானதல்ல. நீதிபதி பார்ப்பது காகிதத்தை, மலையை அல்ல. யார் எந்த முகட்டுக்கு எப்போது ஆள் அனுப்பினார் என்பதைப் பத்தாண்டு கழித்து டெல்லியில் உட்கார்ந்து அளக்க முடியுமா? போர் வரலாற்றில் ஒருவர் பெயருக்குச் சேர்க்கும் வரி, இன்னொருவர் பெயரிலிருந்து கழிகிற வரியாகவும் இருக்கலாம். ஒவ்வொரு மதிப்பீட்டையும் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்றால், நாளைக்கு எந்த கமாண்டர் மனத்தில் பட்டதை எழுதுவார்?

ஆனால் தீர்ப்பாயம் மலையை அளக்கப் போகவில்லை. எழுதியவர் நடுநிலையோடு எழுதினாரா என்று மட்டும் பார்த்தது. அது நீதிமன்றத்துக்குத் தெரிந்த வேலை. இன்னொன்றும் உண்டு. அரசு ஊழியரைப் பற்றிய ஆண்டு மதிப்பீடு எதுவானாலும் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று தேவ் தத் வழக்கில் 2008ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, படைத்துறையை மட்டும் விலக்கி வைத்தது. தன்னைப் பற்றி எழுதியதைப் பார்க்கும் உரிமை குறைவாக உள்ள இடத்தில், எழுதியதைச் சரிபார்க்கும் வழியாவது அகலமாக இருக்க வேண்டும். அந்த வகையில் 2010 தீர்ப்பு சரி. வீர விருது ஒன்றைத் தானே எடுத்துச் சட்டையில் குத்திவிடாமல், வரலாற்றையும் மதிப்பீட்டையும் சீர்செய்வதோடு நின்றதும் சரி.

எதிர்ப்பக்கத்து வழக்கு ஜெனரல் வி.கே. சிங்குடையது. பள்ளிச் சான்றிதழ்படி அவர் பிறந்தது 1951 மே 10. தேசிய பாதுகாப்பு அகாடமிக்குப் போட்ட விண்ணப்பத்தில் இருந்தது 1950. ராணுவத்தின் இரண்டு கிளைகள் பல்லாண்டுகள் இரண்டு தேதிகளை வைத்திருந்தன. உண்மை அவர் பக்கம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனாலும் 2012 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் இசையவில்லை. மனுவை அவர் திரும்பப் பெற்றார். பதவி உயர்வுகளின்போது 1950ஐ எழுத்து மூலம் ஏற்றுக்கொண்டவர், படைத்தலைவரான பின் அதை மாற்றக் கேட்டது எடுபடவில்லை. அந்தக் காகிதத்தில் அவருடைய கையெழுத்தும் இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு அளவுகோல் கிடைக்கிறது: எழுதும் பேனா யார் கையில் இருந்தது? ஜெனரல் தன் கணக்கைப் பார்த்தார், ஒப்பினார், பலனும் பெற்றார்; தாமதத்தின் பாரம் அவர் மேல்தான். பிரிகேடியரின் மதிப்பீட்டை எழுதியவர் வேறொருவர். அங்கே பாரம் எழுதியவர் பக்கம் போகிறது.

இனி கூமாப்பட்டிச் சிப்பாய்க்கு வருவோம். அவர் பேனாவைத் தொட்டதே இல்லை. பதினெட்டு வயதில் சேர்ந்தபோது, தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார். இன்ஷியல் குடும்பப் பெயராயிற்று, அப்பா பெயர் சொந்தப் பெயராயிற்று. கூமாப்பட்டியை ஆங்கிலத்தில் எழுத ‘யு’ ஒன்றா ‘ஓ’ இரண்டா என்பதில்கூட ஒவ்வொரு காகிதமும் ஒவ்வொரு கட்சி. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அவர் இருக்கும்வரை அது வெறும் எழுத்துப் பிழை. அவர் போன பிறகு குடும்பப் பென்ஷன் கேட்கும் மனைவிக்கு அது ஆதாரோடு ஒத்துப்போகாத இன்னொரு ஆளின் பெயர். பென்ஷன் கணக்கு படைத்துறையின் ஸ்பர்ஷ் இணையதளத்துக்குப் போன பின், ஒரு எழுத்து விலகலும் கணினிக்குக் குற்றம்.

பென்ஷன் இல்லாமல் வெளிவந்தவர் நிலை இன்னும் மோசம். அவருடைய ஆவணங்களை 25 ஆண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது படை விதி. 1971ல் கிழக்கு எல்லையில் நின்றவர் எழுபது வயதில் பூர்வி ஸ்டார் கேட்டால், ‘ஆவணம் இல்லை’ என்ற பதில் வரும். ஆவணத்தை அழித்த தரப்பே ஆவணம் கேட்பதில் என்ன நியாயம்?

நம் நீதிமன்றங்களிடம் இதற்கு விடை உண்டு, சிதறிக் கிடக்கிறது. சுதந்திரப் போராட்ட வீரர் பென்ஷன் கேட்டவரிடம் கிரிமினல் வழக்குக்கு உரிய கறார் சாட்சியம் கேட்கக் கூடாது, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே போதும் என்று 2001ல் குர்தியால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013ல் தரம்வீர் சிங் வழக்கில் இன்னும் ஒரு படி போனது: சேரும்போது உடலில் குறை என்று எழுதவில்லையா, பின்னால் வந்த நோயைப் பணியால் வந்ததாகக் கொள், இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது படை. பேனா பிடித்தவர் எழுதாமல் விட்டதற்கும் அவரே பொறுப்பு. பெயருக்கும் களப் பதக்கத்துக்கும் இதே நியாயத்தை நீட்டினால் பாதி மனுக்கள் தாமாகத் தீரும்.

‘அப்படியானால் யார் வேண்டுமானாலும் வீர விருது கேட்கலாமே’ என்பார்கள். கூடாது. வீர விருதைத் தனியொருவர் உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் பரிந்துரைத்த முறை கோணலாக இருந்தது என்று காட்டினால், மறுபடி பார்க்கச் சொல்லலாம். அமெரிக்கா இதைச் செய்தது. இரண்டாம் உலகப் போரில் கறுப்பின வீரர் ஒருவருக்குக்கூட மெடல் ஆஃப் ஹானர் தரப்படவில்லை என்பதை ஆராய்ந்து, 1997ல் ஏழு பேருக்கு அதை வழங்கியது. வாங்கிக்கொள்ள உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர். ராணுவ ஆவணத் திருத்தத்துக்கென்றே அங்கே 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி வாரியங்கள் உண்டு. மூன்றாண்டுக் காலக்கெடு இருந்தாலும், நியாயம் கேட்டால் அதைத் தளர்த்துகிறார்கள். நம் சிப்பாய்க்கு இருப்பது ரெக்கார்டு ஆபீசுக்கு ஒரு கடிதம், விருதுநகர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் ஒரு பரிந்துரை, அதற்கும் மேல் சென்னையில் ஒரு தீர்ப்பாயக் கிளை. பிரிகேடியருக்கு எட்டிய கதவு அவருக்கும் சட்டப்படி திறந்தே இருக்கிறது. வக்கீல் செலவும் ஆறு மாதக் கெடுவும் வாசலில் நிற்கின்றன.

எனவே என் தீர்ப்பு இது. தகவல் பிழையும் களப் பதக்கமும் காலக்கெடு பாராமல் திருத்தப்பட வேண்டும். மறுப்பதற்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டியது படை. மதிப்பீட்டில் சார்பு இருந்தால் மதிப்பீட்டைக் களையலாம், பதக்கத்தை நீதிமன்றம் கொடுக்க வேண்டாம். தானே கையெழுத்திட்டுப் பலன் அனுபவித்தவருக்கு மட்டும் தாமதத்தைக் காட்டிக் கதவடைக்கலாம்.

கடைசியாகச் சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. டிஸ்சார்ஜ் அன்று சிப்பாயும் கையெழுத்துப் போடத்தான் செய்கிறார். வீடு திரும்பும் அவசரத்தில், தெரியாத மொழியில், காட்டிய இடத்தில். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். நம் ஊர்ச் சார்பதிவாளர் ஆபீசில் அரை ஏக்கர் தோப்பை விற்பவனுக்குக்கூடப் பத்திரத்தைப் படித்துக் காட்டி, சரி என்று அவன் சொன்ன பிறகே கைநாட்டு வாங்கும் வழக்கம் உண்டு. பதினைந்து வருஷச் சேவையின் கணக்கையும் அவருடைய மொழியில் ஒருமுறை படித்துக் காட்டட்டும். அதன் பிறகு அவர் போடும் கையெழுத்தை அவருக்கு எதிராகக் காட்டினால் நானும் ஆட்சேபிக்க மாட்டேன்.