அரிசிக்கு ஒரு விதி, இறைச்சிக்கு ஒரு விதி

உணவின் தூய்மை பற்றி இஸ்லாம் என்ன சொல்கிறது என்று கேட்டால், பலரும் விலக்கப்பட்டவற்றிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். குர்ஆன் அப்படித் தொடங்கவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனம், பூமியில் உள்ளவற்றில் ஆகுமானதையும் நல்லதையும் உண்ணுமாறு மனிதர் அனைவரையும் அழைக்கிறது. தானாகச் செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாதவர் பெயரில் அறுக்கப்பட்டது என்ற நான்கு விலக்குகளும் 173ஆம் வசனத்தில்தான் வருகின்றன. வேறு வழியில்லாத நிலையில் உண்பவர்மீது குற்றமில்லை என்ற சலுகையும் அங்கேயே சேர்ந்து வருகிறது. உண்பொருள்களில் இயல்பு நிலை அனுமதியே, தடை உண்டு என்பவரே ஆதாரம் காட்ட வேண்டும் என்று சட்ட இமாம்கள் விதி வகுத்தது இத்தகைய வசனங்களை வைத்துத்தான். ஆனால் இறைச்சிக்கு அவர்கள் வைத்தது நேர்மாறான விதி: முறைப்படி அறுக்கப்பட்டது என்று தெரியும்வரை அது ஆகாது. இன்றைய ஹலால் தரநிலைகளைச் சுற்றியுள்ள குழப்பத்தில் பெரும்பகுதி, இந்த இரண்டு விதிகளையும் ஒன்றாக்கிவிட்டதால் வந்தது என்றே நான் கருதுகிறேன்.

'முறைப்படி' என்பது எது என்பதில் மத்ஹபுகள் எனும் சட்டப் பள்ளிகள் வேறுபடுகின்றன. மூச்சுக்குழல், உணவுக்குழல், கழுத்தின் இரு இரத்தக் குழாய்கள் ஆகிய நான்கில் மூன்று அறுபட்டால் போதும் என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுமையாக அறுபட வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபின் தீர்ப்பு. வேண்டுமென்றே பிஸ்மில்லாஹ்வை விட்டால் ஹனஃபிகளிடம் அந்த இறைச்சி ஹராம், மறந்து விட்டால் மன்னிப்பு உண்டு. ஷாஃபிகளிடம் பிஸ்மில்லாஹ் சொல்வது சுன்னத். விடுபட்டாலும் இறைச்சி ஆகும். ஆனால் எவ்வளவு தூரம் விசாரிப்பது என்பதற்கு ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தி எல்லை வகுக்கிறது. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் இறைச்சி கொண்டுவருகிறார்கள், இறைவன் பெயரைச் சொல்லி அறுத்தார்களா என்று தெரியவில்லையே என்று கேட்டவர்களிடம், நீங்கள் அவன் பெயரைச் சொல்லி உண்ணுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லிவிட்டார்கள். இறைச்சிக்குக்கூட நியாயமான நம்பிக்கை போதும் என்றால், துருவித் துருவிக் கேட்பதை மார்க்கத்தின் அடையாளமாக்க முடியாது.

கடல் உணவில் இந்த வேறுபாடு நம் ஊர்களிலேயே தெரியும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபி மத்ஹப் வேரூன்றியது. நண்டும் இறாலும் அங்கே தடையின்றி உலையேறும். இராவுத்தர்கள் வாழும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹப். அதன்படி கடலில் மீன் மட்டுமே ஆகும், நண்டு ஆகாது. இறால் மீன்தானா என்பதில் ஹனஃபி ஆலிம்களே இரண்டுபட்டார்கள். ஆனாலும் ஒரு மத்ஹபின் தீர்ப்பு மற்றொரு மத்ஹபினரின் சமையலறைமீது சுமத்தப்படவில்லை.

தண்ணீரின் தூய்மையிலும் மத்ஹபுகள் இப்படியே வேறுபடுகின்றன. அதில் அசுத்தம் விழுந்தால்? இரண்டு குல்லா, அதாவது ஏறக்குறைய இருநூறு லிட்டர் தண்ணீர் இருந்து, நிறமும் சுவையும் வாடையும் மாறாவிட்டால் அது சுத்தமே என்பது ஷாஃபி அளவு. பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்புள்ள ஹவுள் (நீர்த்தொட்டி) என்பது பிற்கால ஹனஃபிகள் வைத்த அளவு. மாலிகி மத்ஹபில் அளவே முக்கியமில்லை, மாற்றம் தெரிகிறதா என்பதே கேள்வி. கண்ணும் நாக்கும் மூக்கும் முழக்கோலும் எட்டுகிற எல்லைகள் இவை. ஒரு சாதாரண மனிதர் தன் வீட்டில் நின்றே தீர்மானிக்கத் தக்கவை.

தொழிற்சாலை வந்தபின் இந்த எளிமை கலைந்துவிட்டது, ஆகவே எல்லாவற்றுக்கும் ஹலால் சான்று வேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை. 2001இல் இந்தோனேசியாவில் அஜினோமோட்டோ என்ற சுவையூட்டும் உப்பு திரும்பப் பெறப்பட்டது. அதைத் தயாரிக்கும் நுண்ணுயிர்களை வளர்க்கும் ஊடகத்தில், பன்றியிலிருந்து எடுத்த நொதியால் பக்குவப்படுத்திய சோயாப் பொருள் சேர்ந்திருந்தது. அந்நாட்டு உலமா சபை அந்த உப்பை ஹராம் என்றது. கையில் கிடைக்கும் உப்பில் பன்றியின் சுவடே இல்லை, ஆகவே ஹலால் என்றார் அன்றைய அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித். அவரும் மார்க்கம் கற்றவரே. ஒரு பொருள் முற்றிலும் வேறாக மாறிவிட்டால் அசுத்தம் நீங்கும் என்பதை ஹனஃபி, மாலிகி மத்ஹபுகள் விரிவாக ஏற்கின்றன. மது தானாகப் புளித்துக் காடியாவது போன்ற சிலவற்றில் மட்டுமே ஷாஃபி மத்ஹப் ஏற்கிறது. ஜெலட்டின், நொதி, இறைச்சிச் சாறு ஆகியவற்றில் வாங்குபவருக்கு எதுவும் தெரிய வழியில்லை. அங்கே சான்று அவசியம். அரிசிக்கும் குடிநீருக்கும் சான்று கேட்பது இயல்பான அனுமதியையே சந்தேகப் பொருளாக்குகிறது.

எல்லா மத்ஹபுகளிலும் கடுமையானதைத் தேர்ந்து பொதுத் தரமாக்கிவிட்டால் பிரச்சினையே இல்லையே என்பார்கள். தனக்காகப் பேணுதல் கொள்வது உயர்ந்த குணம். அதையே ஊருக்கெல்லாம் சட்டமாக்கினால், ஷாஃபி மீனவர் பிடித்த நண்டுக்கு முத்திரை மறுக்க வேண்டிவரும். இது ஹலால், இது ஹராம் என்று நாவுக்கு வந்தபடி சொல்வதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 116ஆம் வசனம் கண்டிக்கிறது. ஆகுமானதை ஹராம் என்பதும் அந்தக் கண்டனத்துக்குள் அடங்கும். சான்று என்பது சாட்சியம். எந்த மத்ஹபின் எந்தத் தீர்ப்பை ஏற்றோம், உருமாற்றத்தை ஏற்றோமா என்பதைச் சான்றளிப்போர் அதிலேயே எழுத வேண்டும். அறுக்கும் கத்தியைத் தீட்டி, பிராணியின் வேதனையைக் குறைக்குமாறு நபியவர்கள் பணித்ததையும், அல்பகரா வசனத்தில் 'ஆகுமானது' என்பதோடு இணைந்து நிற்கும் 'நல்லது' என்ற சொல்லையும், அறுப்புக் கூடத்தின் கத்தி முனையிலும் கழுவு நீரிலும் சான்றளிப்போர் சோதித்துப் பார்த்தே முத்திரை இட வேண்டும்.