மருத்துவரும் மருத்துவிச்சியும்

மருத்துவத் தமிழ் பற்றிய நமது ஆய்வுகள் கலைச்சொல்லாக்கத்தையே பெரிதும் போற்றி வந்துள்ளன. அச்சொற்கள் யாருக்காக ஆக்கப்பட்டன என்ற வினா அரிதாகவே எழுந்துள்ளது.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்து, பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே அதனைக் கற்பித்தார். மோன்செல் எழுதிய பிரசவ வைத்திய நூல் 1857 இல் தமிழுருப் பெற்றது. தமிழ்வழி அறிவியற் கல்விக்கு முன்னோடியான இம்முயற்சியின் பெருமை மறுக்கற்பாலதன்று. ஆயின் கிறீனிடம் பயின்று வைத்தியரானோர் ஆடவரே. அக்காலத்திற் பிள்ளைப்பேறு பார்த்தவளோ ஆங்கிலம் அறியாத மருத்துவிச்சி. பிரசவம் பற்றிய தமிழ் நூல் எவருக்கேனும் முதன்மையாகத் தேவைப்பட்டதெனின் அது அவளுக்கே. அவளது தொழில் பற்றிய நூல் அவளைக் கடந்து ஆடவர் கைக்குச் சென்றது. மொழித்தடை நீங்கிற்று, பால்தடை நீங்கவில்லை.

பெண்களுக்கு அன்று எழுத்தறிவு இருக்கவில்லை என்பது இதற்கு முழு விடையாகாது. அதே மிஷன் 1824 இலேயே உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையை நிறுவியிருந்தது. எழுத்தறிந்த பெண்கள் இருந்தனர். மருத்துவ வகுப்பில் அவர்களுக்கு இடந்தான் இருக்கவில்லை. கொழும்பிலும் நிலைமை வேறன்று. 1870 இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி 1892 இலேயே பெண்களை அனுமதித்தது.

இவ்வரலாற்றின் எச்சம் இன்றைய பேச்சுவழக்கிலும் வாழ்கிறது. கல்முனைக்குத் தெற்கே, பாலமுனை போன்ற கரையோர முஸ்லிம் ஊர்களில், பேறுகாலப் பெண் ‘லேடி டொக்டர்’ இருக்கிறாரா என விசாரிக்கின்றாள். ‘டொக்டர்’ ஆணைக் குறிக்க அடைமொழி வேண்டுவதில்லை. பெண்ணைக் குறிக்கவே வேண்டியுள்ளது. ‘மருத்துவர்’ பட்டம் பெற்றவராக உயர, ‘மருத்துவிச்சி’ பேறு பார்ப்பவளாகவே நின்றுவிட்டமையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

அப்பெண்ணின் தயக்கத்தைக் கூச்சம் என்றோ மதக் கட்டுப்பாடு என்றோ கூறிவிடுதல் எளிது. அவ்வாறு கூறுகையில், பெண்ணை நோயாளியாக ஏற்று மருத்துவராக ஏற்கத் தயங்கிய கல்வியமைப்பின் பொறுப்பு மறைந்துவிடுகிறது. அவள் கேட்பது சலுகையன்று. நீண்டகாலம் மறுக்கப்பட்டதொன்றையே அவள் கேட்கின்றாள். மருத்துவ பீடங்களில் மாணவியர் தொகை பெருகிவிட்ட இன்றும் அறுவைச் சிகிச்சை போன்ற துறைகளிற் பெண்கள் அருகியே காணப்படுகின்றனர்.

எனவே, மருத்துவத் தமிழின் வரலாற்றை எழுதுவோர் கலைச்சொற் பட்டியலோடு வகுப்பறையின் பெயர்ப் பட்டியலையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். அறிவு மக்கள் மொழிக்கு வந்ததனாலேயே மக்கள் அனைவரிடமும் வந்துவிட்டதென நாம் முடிவுகட்டலாகாது.