வெற்றிலை வாய்க்கு நல்ல பக்டீரியா போதுமா?

பதுளை, பசறை, அப்புத்தளை மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பலரின் மடியில் வெற்றிலைப் பை இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு துண்டு பொயிலை. குளிரையும் பசியையும் அதை மென்றே தள்ளிவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தின் கேட்டை 'நல்ல பக்டீரியா'க்களால் குறைக்கலாம் என்ற யோசனைக்கு ஓரளவு அறிவியல் அடிப்படை உண்டு. ஆனால் அது தீர்க்க முனைவது நம் தோட்டத்து நோயின் ஒரு பகுதியை மட்டுமே.

புகையிலையில் இயல்பாகவே நைத்திரேற்று உண்டு. பதப்படுத்தும்போது சில பக்டீரியாக்கள் அதை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அது புகையிலையின் அல்கலொயிட்டுகளோடு சேர்ந்து நைத்திரோசமீன் என்னும் புற்றுநோய்க் காரணியாகிறது. வாயிலும் இது நடக்கக்கூடும். அந்தக் கிருமிகளை லக்டிக் அமில பக்டீரியாக்களால் நெருக்கித் தள்ளினால் நஞ்சு குறையும் என்பதே வாதம். கிருமியை அடக்கினால் பலன் கிடைக்கும் என்பதற்குச் சுவீடனின் வாய்ப்புகையிலையான ஸ்னூஸ் சான்று: புகையிலையைச் சூடாக்கிப் பதப்படுத்துவதால் அதில் நைத்திரோசமீன் குறைவு. சூடானின் வாய்ப்புகையிலையான தூம்பாக்கிலோ அது மிக அதிகம்.

ஆனால் சுவீடனின் வெற்றி தொழிற்சாலையில் கிடைத்தது. இலங்கையில் புகையில்லாப் புகையிலைப் பொருட்கள் 2016இல் தடைசெய்யப்பட்டன. அதன் பிறகும் சந்தையில் கைமாறும் பொயிலைத் துண்டை யார், எங்கே, எப்படிப் பதப்படுத்தினார் என்று கேட்க வழியில்லை.

அதைவிடப் பெரிய தடை பாக்கு. புகையிலை சேராத வெற்றிலைக் கூறும் புற்றுநோய் தரும், பாக்கே தனித்துப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. பாக்கிலுள்ள அரெக்கோலின் கன்னத்தின் உட்திசுவை நாராக இறுக்குகிறது. கடைசியில் ரொட்டியைக் கடிக்கக்கூட வாய் திறக்காது. இதை நிறுத்துவதாக எந்த பக்டீரியாவும் நிறுவப்படவில்லை. 'நல்ல பக்டீரியா' இருக்கிறதே என்று எருமைத் தயிர் சாப்பிட்டால் வெற்றிலை சுடாது என எவரும் நம்பிவிடக் கூடாது என்பதே என் பெரிய கவலை.

பக்டீரியா உண்மையில் உதவிய இடம் வேறு. டெல்லி எய்ம்ஸில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 200 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், லக்டோபசில்லஸ் பிரேவிஸ் வில்லைகளைச் சப்பியவர்களில் 52 வீதத்தினருக்கே கடும் வாய்ப்புண் வந்தது. வெற்று வில்லை பெற்றவர்களில் அது 77 வீதம். கதிர்ச் சிகிச்சையில் எச்சில் விழுங்கவே துடிப்பவருக்கு இது பெரிய ஆறுதல். மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்படும் நம் நோயாளிகளுக்கு இதைப் பரிசீலிப்பது நியாயம். ஆனால் அது நோய் வந்த பிறகு.

நோய் முற்றுமுன் பிடிக்கும் வழியை இலங்கையே 1980களில் காட்டியது. அடிப்படைச் சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று மக்களின் வாயைப் பரிசோதித்தார்கள்; புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைப் படலங்களைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் மேல்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் போகவில்லை. தோட்டத்தில் காரணத்தைத் தேட வேண்டியதில்லை: பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். வில்லைக்குச் செலவிட நினைக்கும் பணத்தில் முதலில் அந்த ஒருநாள் சம்பளத்தையும் பஸ் காசையும் கொடுக்கலாம்.