பெருங்காலனும் பேராசிரியரும்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் காடுகளில் உலவுவதாகச் சொல்லப்படும் பிக்ஃபுட் என்னும் பெருங்காலனைப் பற்றிய நூல்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை அவ்வுயிர் உண்டா இல்லையா என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றன. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியராக விளங்கிய குரோவர் கிராண்ட்ஸ் 1992இல் வெளியிட்ட நூல் அத்தகையதன்று. அவ்வுயிர் எவ்வினத்தினின்றும் கிளைத்தது, அதன் அறிவு எத்தகையது என்னும் வினாக்களுக்கும் அது விடை கூற முற்படுகிறது. சக அறிஞரின் ஏளனத்துக்கு அஞ்சாது எழுதப்பட்ட நூலை ஏளனத்தாலேயே ஒதுக்கிவிடுதல் முறையாகாது. அதன் வாதத்தை எடுத்து எடைபோடல் வேண்டும்.

கிராண்ட்ஸ் காட்டும் மூதாதை ஜைகாண்டோபித்தெக்கஸ் என்னும் பேருருக் குரங்கு. 1935இல் ஹாங்காங்கில் சீன மருந்துக்கடையொன்றில் விற்பனைக்கிருந்த கடைவாய்ப்பல்லைக் கண்டு வான் கோனிக்ஸ்வால்ட் என்பார் அவ்வினத்துக்குப் பெயரிட்டார். பின்னர்த் தென்சீனாவில் கீழ்த்தாடைகளும் கிடைத்தன. தாடை பின்னோக்கி அகன்று விரிகிறது. நிமிர்ந்த கழுத்துக்கு இடம்விடவே அவ்வாறு விரிந்தது. எனவே அக்குரங்கு இருகாலால் நடந்தது என்பது கிராண்ட்ஸின் துணிபு. அங்ஙனம் நடந்த இனம் பெரிங் நிலப்பாலத்தைக் கடந்து அமெரிக்கா சேர்ந்தது என்பார் அவர்.

தாடையிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து காலுக்கும், காலிலிருந்து வேறொரு கண்டத்துக்கும் இவ்வாதம் தாவுகிறது. கையிலிருப்பவையோ நான்கு கீழ்த்தாடைகளும் ஏறத்தாழ 2,000 பற்களுமே. கை கால் எலும்பு ஒன்றேனும் இல்லை. 2019இல், 19 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய பல்லொன்றின் எனாமலில் எஞ்சியிருந்த புரதங்கள் ஆராயப்பட்டன. அவ்வினம் ஓராங் ஊத்தானின் நெருங்கிய உறவு என்பதும், இரண்டும் 100 முதல் 120 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்பதும் அதனாற் புலனாயின. 2024இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அது 2,95,000 முதல் 2,15,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் அழிந்தது என்றும், காடு மாறியபோது உணவை மாற்றிக்கொள்ள இயலாமையே காரணம் என்றும் கூறுகிறது. சொந்தக் காடு மாறியதையே தாங்காத இனம் வடபுலத்துக் குளிரைத் தாங்கிக் கண்டம் கடந்தது என்பதை எங்ஙனம் ஏற்பது? ஜொகூர்க் காடுகளில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் பேசப்பட்ட பேருருவத்தை மக்கள் 'ஓராங் மாவாஸ்' என்றனர். மலாயில் மாவாஸ் ஓராங் ஊத்தானைக் குறிக்கும் சொல். அவ்வகையில், பெயரிட்டவர்கள் பேராசிரியரினும் சரியான கிளையைப் பிடித்துவிட்டனர் எனலாம்.

அறிவைப் பற்றிய பகுதி மிகவும் சுவையானது. 1920களில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பழங்குடியினரின் கதைகளைத் திரட்டிய ஜே. டபிள்யூ. பர்ன்ஸ் என்னும் பள்ளி ஆசிரியரே 'சாஸ்குவாச்' என்னும் சொல்லை ஆங்கிலத்தில் பரப்பியவர். அக்கதைகளில் சாஸ்குவாச் பேருருப் படைத்த மனிதன், பேசத் தெரிந்தவன். 1958இல் கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக்கில் சாலை அமைத்த இடத்தில் 16 அங்குலக் காலடிகள் தோன்றின. 1967இல் அதே ஓடையருகே பேட்டர்சனும் கிம்லினும் எடுத்த படச்சுருளில் மயிரடர்ந்த உருவமொன்று நடந்து சென்றது. பேசிய மனிதன் நாற்பது ஆண்டுகளுக்குள் பேசாக் குரங்கானான். இத்துணை விரைவான பரிணாமம் ஏட்டில்தான் நிகழும். 2002இல் அச்சாலை ஒப்பந்தக்காரர் ரே வாலஸ் மறைந்தபின், மரத்தாற் செய்த பெரும்பாதங்களை அவர் குடும்பத்தார் எடுத்துக் காட்டியது வேறு கதை.

கிராண்ட்ஸ் இங்கே தம் அணியினர் பலரினும் நேர்மையாளர். கருவி இல்லை, தீ இல்லை, மொழி இல்லை. ஆதலின் அது குரங்கே என்றார். ஏனையோர் அதற்கு அளவிறந்த அறிவை வழங்குகின்றனர். ஒளிப்படக் கருவியை அறிந்து விலகுமாம், இறந்ததைப் புதைத்துவிடுமாம். சான்று இல்லாமையே இவ்வறிவுக்குச் சான்று! உண்மையான அறிவு தடம் விடும். சுமாத்திரா ஓராங் ஊத்தான் குச்சியைக் கருவியாக்கி நீசியா கனியின் விதைகளைத் தோண்டி எடுக்கிறது, அக்குச்சிகள் கிடைத்துள்ளன. மாலைதோறும் அது கட்டும் கூடுகளை எண்ணியே சபாவில் அதன் தொகையை மதிப்பிடுகின்றனர்.

கிராண்ட்ஸை நம்பவைத்தவை, 1969இல் பாஸ்பர்க்கில் காணப்பட்ட ஊனப் பாதத்தின் சுவடுகள். அவற்றினின்றும் உள்ளெலும்புகளை உய்த்து வரைந்த அவர், உடற்கூறு கற்றவனன்றிப் பிறரால் இதனைப் பொய்யாகச் செய்ய இயலாது என்றார். எலும்புகளை வரைந்தவர் அவரே. ஆகவே அங்குக் காணப்படும் உடற்கூற்றறிவும் அவருடையதே. ஊனமுற்ற பாதமொன்றன் வார்ப்பு இருப்பின், கல்லாதவனும் அச்சுவட்டை இட்டிருக்கலாம்.

எனினும் சுவடு போதாது, உடல் வேண்டும் என்பதை அவர் மறைத்தாரில்லை. ஒன்றைச் சுட்டேனும் கொணர்க என்று எழுதிப் பகையைத் தேடிக்கொண்டார். 2002இல் மறைந்த அவரது எலும்புக்கூடு, அவர் விருப்பப்படியே, ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது. 2014இல் பிரையன் சைக்ஸ் குழுவினர், இத்தகைய உயிர்களுடையவை எனப் பல நாடுகளிலிருந்து அனுப்பப்பட்ட மயிர்களை மரபணு முறையில் ஆராய்ந்தனர். விடை தந்த 30 மாதிரிகளுள் அறியப்படாத குரங்கினம் ஒன்றுமில்லை. கரடி, குதிரை, மாடு முதலியன இருந்தன, சுமாத்திராவிலிருந்து வந்தது தாபிர், ஒன்று மனிதனுடையது.