குவாட் ஓட்ட என்ன போட வேண்டும்? பிக் ரெட் மணலில் போட்டுப் பார்த்த கவசங்கள்

துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில் முக்கால் மணி நேரம் போனால் அல் பதாயர். அங்கே நிற்கும் சிவந்த மணல் குன்றை 'பிக் ரெட்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அடிவாரத்தில் வரிசையாகக் குவாட் பைக் வாடகைக் கடைகள். குளிர்கால வார இறுதிகளில், ஊரிலிருந்து விசிட்டில் வந்த மச்சானையும் சித்தப்பா பையனையும் கூட்டிக்கொண்டு வரும் தமிழ்க் குடும்பங்களை அங்கே தாராளமாகப் பார்க்கலாம். கடைக்காரர் நீட்டும் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, காலில் செருப்போடு, ஒரு போட்டோவுக்குச் சிரித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கேட்டால் ஒரே பதில்தான்: "நாலு சக்கரம் இருக்கே, விழவா போகுது?"

விழும். பைக்கை விட மோசமாக விழும். எப்படி விழும் என்று தெரிந்தால்தான் எந்தக் கவசத்துக்குக் காசு செலவழிக்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம் என்று முடிவு செய்ய முடியும். பைக் ஜாக்கெட், பைக் ஷூ, பைக் ஹெல்மெட் என்று ரோட்டுக் கணக்கில் வாங்கிக் குவித்தவர்கள் பலர். அதில் பாதி மணலில் உதவாது. குளிர்காலம் தொடங்கி ஏப்ரல் வரை சொந்தமாகச் சிலதும் இரவலாகச் சிலதும் போட்டு ஓட்டிப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் வண்டி. இங்கே வாடகைக்கு அதிகம் கிடைப்பதில் ஒன்று யமஹா ராப்டர் 700. 686 சிசி, ஒற்றை சிலிண்டர், பெட்ரோலோடு சுமார் 190 கிலோ. ஒருவர் மட்டும் உட்கார வேண்டிய வண்டி. பின் அச்சில் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் ஹேண்டிலைத் திருப்பினால் மட்டும் வண்டி திரும்பாது. ஓட்டுபவர் சீட்டை விட்டு எழுந்து உடம்பை உள்பக்கமாகச் சாய்த்தால்தான் திரும்பும். புதியவர்கள் கார் ஓட்டுவதைப் போல விறைப்பாக உட்கார்ந்து ஹேண்டிலை ஒடிப்பார்கள். வெளிப்பக்கச் சக்கரங்கள் மணலில் புதையும், உள்பக்கச் சக்கரங்கள் மேலே எழும்பும், அவ்வளவுதான்.

இன்னொரு ஆபத்து மணல்மேட்டின் முகடு. காற்று வரும் பக்கம் மேடு மெதுவாக ஏறும். மறுபக்கம் முப்பது டிகிரிக்கு மேல் சடாரென்று இறங்கும். ஏறுபவருக்கு வானம்தான் தெரியும், இறக்கம் தெரியாது. வேகம் குறையாமல் முகட்டைத் தாண்டினால் வண்டியின் மூக்கு முதலில் கீழே குத்தும், ஓட்டுபவர் ஹேண்டில்பார் மேலாகப் பறப்பார். பைக் விழுந்தால் பெரும்பாலும் ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். குவாட் அப்படி இல்லை. உருண்டு பின்னாலேயே வரும்.

மூன்றாவதை யாரும் பயமாக நினைப்பதே இல்லை. வண்டி சாய்கிறது என்றதும் நம் கால் தானாகத் தரையைத் தேடும். டிவிஎஸ் 50 காலத்திலிருந்து வந்த பழக்கம். குவாட்டில் காலைக் கீழே ஊன்றினால் ஃபுட்பெக்குக்கு நேர் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும் பின்சக்கரம் குதிகாலைப் பிடித்து உள்ளே இழுத்துவிடும். வாடகை வண்டிகளில் ஃபுட்பெக்குக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே வலையோ தகடோ அடித்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். இல்லாத வண்டியில் ஏறாதீர்கள்.

ஆகவே என் வரிசையில் ஹெல்மெட்டுக்கு அடுத்த இடம் பூட்ஸுக்கு. நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். மோட்டோகிராஸ் பூட்ஸ் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும், காலுக்கு மூன்று நான்கு பக்கிள். முதல் முறை போட்டு நடந்தபோது இரண்டு காலிலும் மாவுக்கட்டு போட்ட மாதிரி இருந்தது. கியர் லீவர் காலுக்குத் தட்டுப்படவே இல்லை. லீவரின் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்த பிறகுதான் பழகியது. ஆனால் அந்த விறைப்புக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். கணுக்கால் பக்கவாட்டில் மடங்காது. அடிப்பாகத்தில் உள்ள கெட்டித் தகடு, ஃபுட்பெக்கில் எழுந்து நிற்கும்போது பாதத்தை வலிக்கவிடாது. இஎன் 13634 என்ற ஐரோப்பிய முத்திரை உள்ளே தைத்திருக்கிறதா என்று பாருங்கள். பார்க்க அதே மாதிரி, பிளாஸ்டிக் தகடு ஒட்டிய ஃபேஷன் பூட்ஸ்களும் ஆன்லைனில் நிறைய வருகின்றன. கணுக்கால் பக்கம் கையால் அழுத்தினால் உள்ளே போகிறது என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

வருடத்தில் ஒரு தடவை மட்டும் போகிறவர் இதற்காக இவ்வளவு செலவு செய்ய வேண்டுமா? வேண்டாம். சைட்டில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் எல்லோரிடமும் சேஃப்டி ஷூ இருக்கும். அதில் கணுக்காலுக்கு மேல் வரும் உயர ரகத்தைப் போட்டுக்கொண்டு லேஸை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். மோட்டோகிராஸ் பூட்ஸுக்கு அது ஈடாகாதுதான். ஆனாலும் கேன்வாஸ் ஷூவை விட எவ்வளவோ மேல். செருப்போடு ஏறுகிறவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை.

இனி ஹெல்மெட். நான் போன ஒரு கடையில் கொடுத்த ஹெல்மெட்டின் உள்பஞ்சு, முந்தைய ஆளின் வியர்வையில் நனைந்து கிடந்தது. ஸ்ட்ராப்பை இழுத்து மாட்டினேன், பின்னாலிருந்து கழுத்துப் பக்கம் பிடித்து முன்னால் தள்ளினேன். அப்படியே நெற்றியைத் தாண்டி உருண்டு கையோடு வந்துவிட்டது. கையால் தள்ளியே கழன்றால் விழும்போது எப்படி நிற்கும்? எந்த ஹெல்மெட்டையும் இப்படிச் சோதியுங்கள். கன்னத்துச் சதை ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும், ஸ்ட்ராப்புக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் போக வேண்டும்.

ரோட்டு ஹெல்மெட்டையும் மோட்டோகிராஸ் ஹெல்மெட்டையும் மாற்றி மாற்றிப் போட்டதில் மணலுக்கு மோட்டோகிராஸ்தான் என்று சந்தேகமில்லாமல் சொல்வேன். தாடைப் பகுதி முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் மூச்சு வாங்கும்போது காற்று தாராளமாக வருகிறது. குவாட்டில் மூச்சு வாங்கும், அது உட்கார்ந்து போகும் வண்டி அல்ல. நெற்றிக்கு மேலுள்ள மறைப்பு மாலை நேர எதிர்வெயிலைத் தடுக்கிறது. ரோட்டு ஹெல்மெட்டிலோ, வேகம் குறைந்ததும் வைசரில் நீராவி படிகிறது. வைசரைத் திறந்தால் முன்னால் போகும் வண்டியின் மணல் முழுக்கக் கண்ணில். ஊரிலிருந்து ஐஎஸ்ஐ ஹெல்மெட் கொண்டுவந்திருப்பவர்கள் அதைத் தாராளமாகப் போடலாம், தொளதொளக்கும் வாடகை ஹெல்மெட்டுக்கு அது எவ்வளவோ தேவலை. புதிதாக வாங்குவதானால் இசிஇ 22.06 முத்திரை உள்ளதாகப் பாருங்கள். பழைய 22.05-இல் இல்லாத ஒரு சோதனை இதில் உண்டு: தலை நேராக மோதாமல் சாய்வாக மோதிச் சுழலும்போது என்ன ஆகிறது என்று பார்க்கிறார்கள். உருளும் வண்டியிலிருந்து விழுபவரின் தலை பெரும்பாலும் அப்படித்தான் மோதும்.

பக்கிள் விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. பல் பல்லாக இருந்து 'கிளிக்' என்று பூட்டும் ரகம் வசதிதான், ஆனால் மணல் புகுந்தால் சிக்கிக்கொள்கிறது. இரண்டு இரும்பு வளையத்தில் கோத்து இழுக்கும் பழைய முறையில் சிக்குவதற்கு ஒன்றுமில்லை. கையுறையோடு மாட்டுவதுதான் எரிச்சல்.

கண்ணாடிக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஓரத்தில் பஞ்சு வைத்து முகத்தோடு ஒட்டும் கண்ணாடி, ஹெல்மெட் வாயில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், அவ்வளவே. சாதாரண கூலிங்கிளாஸ் உதவாது. மணல் படிந்தால் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். தட்டி உதறிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கையுறையும் அப்படித்தான். ரோட்டுக்கான தடித்த தோல் கையுறையைப் போட்டால், கட்டைவிரலால் அழுத்தும் குவாட் ஆக்சிலரேட்டரில் அரை மணி நேரத்தில் விரல் மரத்துப் போகிறது. மெல்லிய மோட்டோகிராஸ் கையுறை போதும்.

மார்புக் கவசத்தில்தான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கடையில் தொங்கும் கெட்டி பிளாஸ்டிக் கவசத்தைப் பார்த்தால் யுத்தத்துக்குப் போகலாம் போலிருக்கும். அதன் லேபிளில் இஎன் 14021 என்று மட்டும் இருந்தால், முன்வண்டி கிளப்பும் கல்லைத் தடுக்கச் செய்தது என்று பொருள். பிக் ரெட்டில் கல் எங்கே இருக்கிறது? நமக்குப் பயம் ஹேண்டில்பார் மார்பில் குத்துவதும், வண்டி முதுகில் விழுவதும். அதற்கு மார்புக்கு இஎன் 1621-3, முதுகுக்கு இஎன் 1621-2 என்று போட்டிருக்க வேண்டும். முதுகுக் கவசத்தில் இரண்டு நிலை உண்டு. சோதனைக்கூடத்தில் 50 ஜூல் அடி கொடுக்கும்போது, முதல் நிலைக் கவசம் சராசரியாக 18 கிலோநியூட்டன் வரை உள்ளே கடத்தலாம். இரண்டாம் நிலை 9 வரைதான். பாதிக்குப் பாதி வித்தியாசம். முதுகெலும்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், இரண்டாம் நிலையே வாங்குங்கள்.

நான் போட்டது வலைத்துணியில் தோள், முழங்கை, மார்பு, முதுகு எல்லாம் சேர்த்துத் தைத்த சட்டை. மேலே ஒரு தொளதொள ஜெர்சி. முழங்காலுக்குத் தனிக் கவசம். புழுக்கம்? இருக்கிறது, மறைக்கவில்லை. ஜனவரி காலையில் தெரியவே இல்லை. ஏப்ரல் மத்தியானத்தில் அடுப்படியில் கம்பளி போர்த்திக்கொண்டு நிற்பது போலிருந்தது. அதற்குக் கவசத்தைக் கழற்றுவது தீர்வல்ல, ஓட்டும் நேரத்தை மாற்ற வேண்டும். விடியலில் போங்கள், வெயில் ஏறுமுன் திரும்புங்கள். மணலும் அப்போது இறுகிக் கிடக்கும், வண்டி புதையாது. முதுகில் தண்ணீர்ப் பை மாட்டுபவர்கள் அதில் பவர்பேங்க், சாவிக்கொத்து எதையும் போடாதீர்கள். மல்லாந்து விழும்போது முதுகெலும்புக்கு நேராகப் பவர்பேங்க் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தலையில் சுற்றும் அரபுத் துண்டும் துப்பட்டாவும் போட்டோவோடு சரி. ராப்டரில் செயின் வெளியே தெரியச் சுற்றுகிறது.

கழுத்துக்கு மாட்டும் பிரேஸ் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டேன். தென்னாப்பிரிக்க மருத்துவர் கிறிஸ் லியாட் வடிவமைத்துப் பிரபலமான வகை. ஹெல்மெட்டின் அடிவிளிம்பு அதன்மேல் உட்கார்ந்து, தலை எல்லை மீறி மடங்காமல் தடுக்கிறது. தாடை மூடாத ஹெல்மெட்டோடு போட்டுப் பயனில்லை. மார்புக் கவசத்தோடு சரியாகப் பொருந்தாவிட்டால் வெறும் தொந்தரவு. வாரா வாரம் முகடு தாண்டிக் குதிக்கிறவர்கள் அளவு பார்த்து வாங்கலாம். வாடகைக்கு ஒரு மணி நேரம் எடுப்பவருக்குச் சொல்லமாட்டேன்.

இத்தனையும் போட்டாலும் 190 கிலோ மேலே வந்து விழுந்தால் எந்தப் பஞ்சும் தாங்காது. இதே வகையில் வந்த மூன்று சக்கர வண்டிகளின் (ஏடிவி) விற்பனை அமெரிக்காவில் 1988-இல் நின்றது, ஹெல்மெட்டால் சமாளிக்க முடியாத அளவுக்கு அவை கவிழ்ந்ததால்தான். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபரிலிருந்து பண்ணை வேலைக்கான புதிய குவாட்களில், கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் சாதனம் கட்டாயம். ராப்டர் மாதிரியான விளையாட்டு ரகங்களுக்கு அந்தச் சாதனம் கிடையாது. அதனால் வாடகை வண்டியில் ஏறுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். மணிக்கட்டில் மாட்டி, ஆள் விழுந்ததும் எஞ்சினை அணைக்கும் கயிறு இருக்கிறதா? முகட்டுக்கு அந்தப் பக்கம் வருபவருக்குத் தெரியும்படி உயரக் கம்பியில் கொடி இருக்கிறதா? கூட்ட நாளில் எதிரெதிரே ஏறி முகட்டில் மோதிக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கொடி ஒன்றுதான் எச்சரிக்கை. குழந்தையை முன்னால் உட்கார வைத்து ஓட்டும் அப்பாக்களுக்கு ஏற்ற கவசம் எந்தக் கடையிலும் இல்லை. ஓட்டுபவர் உடம்பைச் சாய்க்க இடமில்லாத வண்டி திரும்பாது, கவிழத்தான் செய்யும். பிள்ளைக்கு ஆசை இருந்தால் அவர்கள் வயதுக்கான சின்ன வண்டியை எடுத்து, அவர்கள் தலைக்கு ஏற்ற ஹெல்மெட்டை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். கடைகளில் சின்ன அளவு கிடைப்பது அதிர்ஷ்டம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்க வேண்டியதில்லை. ஹெல்மெட், கண்ணாடி, பூட்ஸ் முதலில், முதுகும் மார்பும் அடுத்து, மற்றது பிறகு. நல்ல ஹெல்மெட்டும் பூட்ஸும் சேர்ந்தாலே ஆயிரம் திர்ஹத்தைத் தாண்டிவிடும் என்பதால் பலர் பழைய சாமான் தேடுகிறார்கள். வேலை முடிந்து ஊருக்குக் கிளம்புகிறவர்கள் இங்கே எப்போதும் எதையாவது விற்றுக்கொண்டே இருப்பார்கள். பூட்ஸ், முழங்கால் கவசம் எல்லாம் அப்படி வாங்கலாம். அடிப்பாகத்தை மடக்கிப் பார்த்து, ஒட்டு விட்டிருக்கிறதா, பக்கிள் எல்லாம் பூட்டுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். பால்கனி வெயிலில் கிடந்த பூட்ஸ் பார்க்கப் புதிது போலிருக்கும், இரண்டாம் நாள் வாய் பிளக்கும். ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒரு பெரிய அடியோடு நசுங்கித் தன் வேலையை முடித்திருக்கும், வெளியே பெயின்ட்டில் கீறல்கூட இருக்காது.